பாம்பன் நண்டுக் கொட்டகைத் தராசு: ஒரு சிவப்பு வயர், இரண்டு பிழைகள்

பாம்பனில் நாட்டுப்படகு நண்டு வாங்கும் கொட்டகை ஒன்று. அங்கே இருந்த எலக்ட்ரானிக் தராசின் மேல் இரண்டு புகார்கள். விடிகாலையில் கூட்டிக் காட்டுகிறது என்றார் வாங்குகிறவர். உச்சிவெயிலில் குறைத்துக் காட்டுகிறது என்றார்கள் படகுக்காரர்கள். ஒரே தராசு கூட்டியும் காட்டுமா, குறைத்தும் காட்டுமா? ஒருவர் சொன்னதை இன்னொருவர் நம்பவில்லை. தராசில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஒரு நாள் ஒரு படகு கூடையை இறக்காமலேயே தங்கச்சிமடம் பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ராமநாதபுரத்தில் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை படகுகளின் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், வயர்லெஸ் எல்லாம் என் மேசைக்கு வரும். அவற்றை விடத் தராசுக்குத்தான் அதிக நேரம் கொடுப்பேன். ஜிபிஎஸ் கெட்டால் உடனே தெரிந்துவிடும். தராசு கெட்டாலும் அது ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். அந்த எண்ணை நம்பித்தான் இரவெல்லாம் கடலில் கிடந்தவர் கூலி வாங்குகிறார்.

நான் போனது மாசி மாதம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, அந்தப் பனி. காலை ஐந்து மணிக்குக் கொட்டகையின் தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழும். பன்னிரண்டு மணிக்கு அதே தகரத்தில் கைவைக்க முடியாது. இந்த இரண்டு நேரங்களையும் விட்டுவிட்டு நடுவில் பத்து மணிக்கு வந்து பார்க்கிறவருக்கு இந்தத் தராசில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. எனக்கு முன்னால் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது.

உச்சிவெயில் சோதனை

50 கிலோ வரை நிறுக்கும் மேடைத் தராசு, 10 கிராம் படிகளாகக் காட்டும். முத்திரை குத்திய 5 கிலோ எடைக்கற்கள் எட்டை வண்டியில் ஏற்றிப் போயிருந்தேன். தராசின் முத்திரைக் கம்பி அறுந்திருந்தது. உள்ளே யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பன்னிரண்டரை மணி. வெறும் மேடையில் 0.00. நான்கு கற்கள் வைத்தேன்: 19.88. எட்டுக் கற்கள்: 39.76. எடுத்துவிட்டால் மறுபடி 0.00. மூன்று தடவை செய்தும் இதே கணக்குதான்.

பக்கத்தில் நின்ற வயதான படகுக்காரர் கேட்டார்: "தம்பி, சைபர் சரியாத்தானே நிக்குது? அப்புறம் எப்படி எடை மட்டும் குறையும்?"

இந்த ஆய்வு முழுவதும் அவர் கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நகர்ந்தது. நான் சொன்னேன்: "அண்ணே, தையல்காரர் டேப்பு நாள்பட்டு இழுபட்டுப் போச்சுன்னு வச்சுக்குங்க. ஆரம்ப முனை சைபர்லதான் இருக்கும். ஆனா ஒவ்வொரு அங்குலமும் கொஞ்சம் நீண்டிருக்கும். சின்னத் துணிக்குக் கொஞ்சம் குறையும், பெரிய துணிக்கு நிறையக் குறையும்." 20 கிலோவுக்கு 120 கிராம், 40 கிலோவுக்கு அதைப் போல இரண்டு மடங்கு. எடையோடு சேர்ந்தே பிழையும் வளர்கிறது என்றால், அளவுகோல் இழுபட்டிருக்கிறது என்று பொருள். மேடைக்கு அடியில் ஏதாவது உரசினால் பிழை இவ்வளவு ஒழுங்காக வராது.

30 கிலோக் கூடைக்கு 180 கிராம் போகிறது. மதியத்தில் நாற்பது கூடை ஏறினால் 7 கிலோவுக்கு மேல். ஓலக்கால் நண்டு விற்கிற விலையில் இது சின்னக் கணக்கு இல்லை. படகுக்காரர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

தராசுக்குள் நடப்பது

எங்கே இழுபட்டது என்று சொல்வதற்கு முன்னால், உள்ளே எவ்வளவு சின்ன விஷயத்தை அளக்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மேடைக்கு அடியில் இருப்பது லோட் செல் என்ற அலுமினியக் கட்டை. அதன் மேல் ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய தகட்டுத் துண்டுகள் நான்கு ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் 350 ஓம். கூடை ஏறினால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். இரண்டு கேஜ் நீளும், இரண்டு சுருங்கும். நீண்டதன் மின்தடை ஏறும், சுருங்கியதன் மின்தடை இறங்கும். 1938-ல் அமெரிக்காவில் கால்டெக்கில் எட்வர்ட் சிம்மன்ஸும், எம்ஐடியில் ஆர்தர் ரூகும் தனித்தனியாகக் கண்டுபிடித்த பொருள் இந்த ஸ்ட்ரெயின் கேஜ். நான்கையும் சேர்த்துக் கட்டும் சுற்றுக்கு வீட்ஸ்டன் பாலம் என்று பெயர். பெயர்தான் வீட்ஸ்டனுடையது. 1833-லேயே இதைச் சொன்னவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி. பத்து ஆண்டு கழித்து வீட்ஸ்டன் அதைப் பரப்பினார்.

பாலத்துக்கு நான்கு வயர்கள். சிவப்பிலும் கறுப்பிலும் மின்சாரம் கொடுக்கிறோம். பச்சையிலும் வெள்ளையிலும் விடை வருகிறது. கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும், முழுச் சுமையில் 2 மில்லிவோல்ட் வரும். 5 வோல்ட் கொடுத்தால் 50 கிலோவுக்கு 10 மில்லிவோல்ட். அப்படியானால் 10 கிராமுக்கு 2 மைக்ரோவோல்ட்தான்.

1968-ல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்த 741 என்ற ஆப்-ஆம்பை, அதாவது சின்ன வோல்டேஜைப் பெரிதாக்கும் பெருக்கியை, எலக்ட்ரானிக்ஸ் படித்த எல்லோரும் தொட்டிருப்பார்கள். அதன் இரண்டு உள்ளீடுகளுக்கு நடுவில் இருக்கும் சொந்தப் பிழையே ஏறத்தாழ 1 மில்லிவோல்ட். நம் தராசில் அது 5 கிலோவுக்குச் சமம். அந்தப் பிழை நகராமல் இருந்தாலாவது கழித்துக்கொள்ளலாம். அது சூட்டோடு சேர்ந்து நகரும்.

இதற்கு வழி கண்டவர் ஆர்சிஏ நிறுவனத்தின் எட்வின் கோல்ட்பர்க். 1949-ல், வெற்றிடக் குழாய்க் காலத்திலேயே, சாப்பர் முறையால் பெருக்கியை நிலைப்படுத்திக் காட்டினார். அந்த முறையின் அடிக் கருத்து நம் கடைத்தெருவுக்குப் பழக்கமானது. தராசின் மேல் சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? தட்டு மாற்றி நிறுக்கச் சொல்வோம். சரக்கை அந்தத் தட்டிலும் கல்லை இந்தத் தட்டிலும் வைத்தால், கோலில் இருக்கும் கள்ளம் ஒரு தடவை கூட்டும், மறு தடவை குறைக்கும். இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கினால் கள்ளம் கழிந்துவிடும். சாப்பர் இதைத்தான் ஒரு நொடிக்குப் பல நூறு தடவை, பல ஆயிரம் தடவை செய்கிறது. உள்ளே வரும் இரண்டு வயர்களையும் மாற்றி மாற்றிப் போடுகிறது. வெளியே போகும்போது அதே தாளத்தில் மறுபடி மாற்றிவிடுகிறது. வந்த சைகை நேராகிவிடும். பெருக்கியின் சொந்தப் பிழை மட்டும் முன்னும் பின்னும் ஆடி ஒன்றுமில்லாமல் போகும். கோல்ட்பர்க் காலத்தில் இதற்கு அதிரும் ரிலே வைத்தார்கள். பிறகு டிரான்சிஸ்டர் சுவிட்சுகளாக ஐசிக்குள்ளேயே, அதாவது முழுச் சுற்றும் அடங்கிய ஒரே சிலிக்கான் சில்லுக்குள்ளேயே, வந்துவிட்டது. இப்படிப்பட்ட பெருக்கியின் பிழை 1 மைக்ரோவோல்ட் அளவில் நிற்கும். 741-இன் பிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அடுத்தது, அந்தச் சின்ன வோல்டேஜை எண்ணாக மாற்றும் வேலை. தராசு ஐசிகளில் இதற்குச் சிக்மா டெல்டா முறைதான் வழக்கம். 1962-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இனோசே, யசுதா, முராகாமி மூவரும் எழுதியது. இதையும் தராசாகவே யோசித்துப் பார்க்கலாம். ஒரு தட்டில் சரக்கு. உங்கள் கையில் ஒரே ஒரு கல். ஒவ்வொரு தட்டலுக்கும் கோல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பார்க்கிறீர்கள். சரக்குப் பக்கம் சாய்ந்தால் கல்லை வைக்கிறீர்கள். கல் பக்கம் சாய்ந்தால் எடுக்கிறீர்கள். மீதிச் சாய்வை மறக்காமல் அடுத்த தட்டலுக்குக் கொண்டுபோகிறீர்கள். ஆயிரம் தட்டல்களில் கல் 372 தடவை தட்டில் இருந்தால், சரக்கு அந்தக் கல்லில் ஆயிரத்தில் 372 பங்கு. கோலுக்குத் தெரிந்த பதில்கள் இரண்டே இரண்டு, சாய்ந்ததா இல்லையா என்று. இந்த முரட்டுக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு இவ்வளவு நுட்பமான விடையை வாங்குகிறார்கள் என்பதை முதலில் படித்தபோது நான் அன்றைக்கு வேலையே செய்யவில்லை.

இந்தத் தராசில் இருந்தது எச்எக்ஸ்711. உலகம் முழுவதும் மலிவுத் தராசுகளில் இருக்கும் ஐசி. 24 பிட் என்று போட்டிருக்கும். 24 பிட் என்றால் 1,67,77,216 படிகள். அவ்வளவும் உண்மை எடை என்று நினைத்துவிடக் கூடாது. கடைசிச் சில பிட்டுகள் வெறும் இரைச்சல். ஆனால் நொடிக்கு 10 அளவு வேகத்தில் அதன் உள்ளிரைச்சல் 50 நானோவோல்ட் அளவுதான். நம் 10 கிராமுக்கான 2 மைக்ரோவோல்ட்டில் அது நாற்பதில் ஒரு பங்கு. நண்டு நிறுக்க இது தாராளம். அந்த 10 என்ற வேகத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. பத்தில் ஒரு நொடிக்குள் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் முழுதாக ஐந்து சுற்று சுற்றும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் ஆறு சுற்று. இரண்டும் சராசரியில் அடிபட்டுப்போகும்.

விகிதம்

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்த ஆய்வில் எனக்கு முக்கியம்.

மேலே சொன்ன தட்டல் கணக்கில் விடை என்னவாக வந்தது? இத்தனை வோல்ட் என்று வரவில்லை. கையில் இருக்கும் கல்லில் இத்தனை பங்கு என்றுதான் வந்தது. அந்தக் கல்லுக்கு ஐசிக்குள் ரெஃபரன்ஸ் என்று பெயர். கல் இளைத்தால் விடை பெருக்கும். கல் பருத்தால் விடை இளைக்கும். அப்படியானால் அசையாத கல்லுக்கு எங்கே போவது?

அசையாத கல்லைச் செய்வதற்கென்றே ஒரு பெரிய கண்டுபிடிப்பு இருக்கிறது. பேண்ட்கேப் ரெஃபரன்ஸ் என்பார்கள். டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் உள்ள வோல்டேஜ் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும். வேறு வேறு மின்னடர்த்தியில் ஓடும் இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கு இடையிலான வித்தியாசமோ சூட்டோடு ஏறும். ஏறுவதையும் இறங்குவதையும் அளவோடு கலந்தால் 1.25 வோல்ட்டை ஒட்டி, சூட்டுக்கு அசையாத ஒன்று கிடைக்கிறது. 1964-ல் டேவிட் ஹில்பைபர் இந்த வழியைக் காட்டினார். 1971-ல் பாப் விட்லர் அதை ஐசியாக்கினார். 1974-ல் பால் புரோக்கா இன்னும் நேர்த்தியான ஒரு சுற்றைக் கொடுத்தார்.

விட்லரின் வேலைகளைப் பார்க்கப் பார்க்க ஒன்று புரியும். சிலிக்கானில் ஒரு ரெசிஸ்டரைச் செய்தால் அதன் மதிப்பு இருபது சதவீதம் அங்கேயும் இங்கேயும் போகும். ஆனால் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வடிவத்தில் செய்த இரண்டு ரெசிஸ்டர்கள் ஒன்றை ஒன்று விட்டு விலகாது. ஒரே ஈட்டில் வெந்த இட்லி மாதிரி. இன்றைய ஈடு நேற்றைய ஈட்டை விடப் பெரிதாக இருக்கலாம். ஆனால் இன்றைய ஈட்டில் உள்ளவை எல்லாம் ஒரே அளவு. மதிப்பை நம்பாதே, விகிதத்தை நம்பு என்பதுதான் அனலாக் ஐசி வடிவமைப்பின் பெரும்பாலான கண்டுபிடிப்புகளுக்கு அடியில் இருக்கிறது. பேண்ட்கேப்பில் ஏறுகிற பாதிகூட இரண்டு மின்னடர்த்திகளின் விகிதத்தால்தான் முடிவாகிறது.

தராசு ஐசிக்காரர்கள் இதை இன்னும் ஒரு படி தள்ளினார்கள். கல் அசையாமல் இருக்க வேண்டும் என்ற கவலையையே விட்டுவிட்டார்கள். லோட் செல்லுக்குக் கொடுக்கும் மின்சாரத்தையே ரெஃபரன்ஸாகவும் எடுத்துக்கொண்டால் போதும். வோல்டேஜ் ஒரு சதவீதம் இறங்கினால் லோட் செல்லின் விடையும் ஒரு சதவீதம் இறங்கும். கல்லும் அதே ஒரு சதவீதம் இளைக்கும். பங்கு மாறாது. சந்தைத் தராசும் இப்படித்தானே நின்றது? புவியீர்ப்பு இடத்துக்கு இடம் சற்று மாறினாலும் சரக்கையும் கல்லையும் ஒன்றாகவே இழுப்பதால் கோல் சாயவில்லை. இரண்டு தட்டும் ஒரே கோலில் தொங்க வேண்டும் என்பது மட்டும்தான் அங்கே நிபந்தனை.

பாம்பன் தராசில் அந்த நிபந்தனைதான் உடைந்திருந்தது.

சிவப்பு வயர்

மூடியைத் திறந்தேன். லோட் செல்லின் சிவப்பு வயர் போக வேண்டிய செம்புத் தடம் பச்சை பூத்து அறுந்திருந்தது. பழைய பழுதுக்காரர் அதை ஒட்டவில்லை. கரண்ட் போனாலும் தராசு ஓட வேண்டும் என்று கொட்டகையில் 12 வோல்ட் பேட்டரி வைத்திருக்கிறார்கள். அதற்காக, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கி நிறுத்தும் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்றைப் பெட்டிக்குள் சேர்த்திருந்தார். அதன் 5 வோல்ட்டிலிருந்து ஒரு புது சிவப்பு வயரை இழுத்து நேராக லோட் செல் கனெக்டருக்குக் கொடுத்துவிட்டார். பிறகு கல் வைத்து, அதன் எடையையே காட்டும்படி காலிபரேஷன் செய்திருக்கிறார். அந்த நேரத்துக்கு எல்லாம் சரியாகத்தான் காட்டியிருக்கும்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரத்து இருக்கும் நாளில் தராசு நின்றால் கொட்டகையே நிற்கும். பக்கத்தில் நின்று அவசரப்படுத்தியிருப்பார்கள். 5 வோல்ட் எங்கிருந்து வந்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு.

மீட்டரை வைத்து அளந்தேன். விடிகாலையில் பெட்டிக்குள் 27 டிகிரி. 7805 கொடுத்தது 4.98 வோல்ட். உச்சிவெயிலில் பெட்டிக்குள் 54 டிகிரி, 4.95 வோல்ட். 7805 ஒரு டிகிரிக்கு ஒரு மில்லிவோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் இறங்கும் பொருள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. கணினி அட்டைகளுக்கு அந்தந்த இடத்திலேயே 5 வோல்ட் கொடுப்பதற்காகப் பிறந்த வகை அது. அந்த வகைக்கு எல்எம்109 மூலம் வழி திறந்தவரும் விட்லர்தான். அங்கே 5 சதவீதம் கூடக் குறைய இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

எச்எக்ஸ்711-இன் சொந்த அனலாக் வோல்டேஜ் அதற்குள் இருக்கும் பேண்ட்கேப்பை வைத்து நிற்பது. அதையும் இரண்டு நேரத்திலும் அளந்தேன்: 4.28, 4.28. கல் அசையவே இல்லை. சரக்குப் பக்கம் மட்டும் 0.6 சதவீதம் இளைத்துவிட்டது. 20 கிலோவில் 0.6 சதவீதம் 120 கிராம். மேடையில் கண்டதும் அதே 120 கிராம்.

இரண்டும் ஒரே வயரில் இருந்திருந்தால் அந்த வயர் எவ்வளவு ஆடினாலும் பரவாயில்லை. வேறு வேறு வயரில் இருந்ததால், ஒன்று பாறை மாதிரி நின்றும் பயனில்லை.

அறுந்த தடத்துக்குப் பதில் ஒரு கம்பியைப் போட்டு, சிவப்பு வயரை மறுபடியும் ஐசியின் அனலாக் வோல்டேஜுக்கே கொண்டுவந்தேன். பட்டறையில் காலிபரேஷன் செய்து, அட்டைப்பெட்டியால் மூடி, உள்ளே 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டேன். 55 டிகிரி வரை ஏறியது. 20 கிலோ வைத்தால் 20.00, ஓரிரு தடவை 19.99. அந்த 10 கிராம் லோட் செல்லின் சொந்த வெப்ப நகர்வு. அதை யாரும் ஒழிக்க முடியாது. அப்புறம் எனக்கே ஆசை வந்தது. ஐசியின் அனலாக் வோல்டேஜை முடிவு செய்யும் ரெசிஸ்டர் ஒன்றை மாற்றி, அந்த வோல்டேஜை வேண்டுமென்றே 4.28-லிருந்து 4.05-க்கு இறக்கினேன். ஐந்து சதவீதத்துக்கு மேல். பழைய இணைப்பில் இவ்வளவு மாறியிருந்தால் ஒரு கிலோ தப்பியிருக்கும். மேடையில் 20.00 அசையாமல் நின்றது. ரெசிஸ்டரைத் திரும்பப் பழையபடி மாற்றிவைத்தேன்.

விடிகாலைப் பிழை

மதியப் பிழை தீர்ந்தது. ஆனால் வாங்குகிறவர் சொன்ன விடிகாலைப் புகாருக்கு இது விடை ஆகாது. குளிர்ச்சியில் 7805 சரியாகத்தான் இருந்தது. பழுதைச் சரிசெய்வதற்கு முந்தின இரவு கொட்டகையிலேயே தங்கியிருந்தேன். அப்போது பார்த்ததை இப்போது சொல்கிறேன்.

நாலே முக்கால் மணி. மேடையில் 20 கிலோ வைத்துவிட்டுக் காத்திருந்தேன். 20.00. ஐந்து நிமிடம் கழித்து 20.02. பிறகு 20.04. அரை மணி நேரத்தில் 20.07. கற்களை இறக்கினால் 0.07. பொத்தானை அழுத்தினால் சைபர் வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஊரும். 40 கிலோ வைத்தாலும் ஊர்ந்தது அதே அளவுதான், இரண்டு மடங்காகவில்லை. இங்கே டேப் இழுபடவில்லை. டேப்பின் ஆரம்ப முனையே நகர்கிறது. நோய் வேறு.

சமையல்கட்டில் உப்பு ஜாடியை நினைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் உப்பு கசிந்து கட்டியாகும். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்விடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். பாம்பன் காற்று ஏதாவது ஒரு பொருளின் மேல் ஆறு மாதம் பட்டால், அதன் மேல் இந்தக் கலவை ஒரு மெல்லிய படலமாக உட்கார்ந்திருக்கும். பகலில் காய்ந்து கிடக்கும். விடிகாலையில் கரைந்து மின்சாரம் கடத்தும்.

கனெக்டரை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பழைய சாலிடர் பசை வழிந்து தேன் நிறத்தில் உறைந்திருந்தது. அதற்குள் வெள்ளைப் பொடி. புது சிவப்பு வயர், பச்சை வயரை ஒட்டி, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் சாலிடர் ஆகியிருந்தது. லோட் செல்லைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு முனைகளுக்கு நடுவில் மீட்டரை வைத்தேன்: 30 மெகாஓம். ஹேர் டிரையரால் இரண்டு நிமிடம் ஊதியதும் மீட்டர் எல்லைக்கு வெளியே போய்விட்டது.

30 மெகாஓம் என்றால் மூன்று கோடி ஓம். எந்த எலக்ட்ரீஷியனும் அதை நல்ல இன்சுலேஷன் என்றுதான் சொல்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாலத்தின் ஒரு கை, அதாவது 350 ஓம் கேஜ் ஒன்றின் மேல் 30 மெகாஓம் சேர்ந்தால் அந்தக் கை பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு குறையும். பாலத்தில் அதில் கால்வாசி வெளியே வரும். கொடுத்த ஒரு வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட 3 மைக்ரோவோல்ட். முழுச் சுமைக்கு 2 மில்லிவோல்ட் என்பதோடு ஒப்பிட்டால், 50 கிலோத் தராசில் 73 கிராம். நான் கண்டது 70 கிராம். சிவப்பிலிருந்து பச்சைக்குக் கசிவதால் அது கூட்டியேதான் காட்டும். இதே கசிவு 1 மெகாஓமாக இருந்திருந்தால் 2 கிலோவுக்கு மேல் ஏறியிருக்கும்.

இந்தக் கசிவை எந்த ஐசியும் பிடிக்காது. சாப்பர், பெருக்கியின் சொந்தப் பிழையைத்தான் கழிக்கும். விகித முறை, வோல்டேஜ் ஆட்டத்தைத்தான் கழிக்கும். கசிவோ அந்த வோல்டேஜோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால் எடை மாதிரியே தெரியும். ஏடி7730 போன்ற விலை கூடின ஐசிகளில் லோட் செல்லுக்குக் கொடுக்கும் மின்சாரத்தையே திசை மாற்றி மாற்றிக் கொடுக்கும் வசதி உண்டு. சாலிடர் மூட்டுகளில் சூட்டால் பிறக்கும் வோல்டேஜ் அதில் கழிந்துவிடும், ஏனென்றால் அது மின்சாரத்தோடு திசை மாறாது. கசிவு திசை மாறும். ஆகவே அங்கேயும் தப்பித்துவிடும். ஐசியின் பார்வையில் ஈர உப்பும் ஒரு கைப்பிடி நண்டும் ஒன்றுதான்.

கழுவினது

கனெக்டரையே கழற்றி எறிந்துவிட்டேன். பலகையைக் கழுவியதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் வேலை பார்க்கும் தம்பிகள் பலர் நேராக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை எடுப்பதைப் பார்க்கிறேன். அது சாலிடர் பசையைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. உப்பு அங்கேயேதான் பரவி உட்காரும். முதலில் ஆல்கஹாலால் பசையைப் போக்கி, பிறகு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் மென்மையான பிரஷ் கொண்டு இரண்டு தடவை கழுவி, கடைசியாக மறுபடியும் ஆல்கஹால் விட்டு நீரை விரட்டி, குண்டு பல்பின் சூட்டில் நாலு மணி நேரம் காயவைத்தேன். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

நான்கு வயர்களையும் நேராகப் பலகையில் சாலிடர் செய்தேன். சிவப்பும் பச்சையும் இரண்டு எதிர் ஓரங்களில். மேலே அக்ரிலிக் பூச்சு இரண்டு கை. கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தை அடிப்பக்கத்துக்கு மாற்றி, நுழைவதற்கு முன் ஒரு வளைவு தொங்கவிட்டேன். ஓடிவரும் பனித்துளி வளைவிலேயே சொட்டிவிடும். 7805-ஐ எடுக்கவில்லை. பேட்டரிக்கு அது வேண்டும். லோட் செல் பக்கம் மட்டும் அது வரவில்லை.

முத்திரை உடைந்த தராசை அப்படியே வியாபாரத்துக்கு விடக் கூடாது. மறுபடி சரிபார்த்து முத்திரை வாங்கச் சொன்னேன், வாங்கினார்கள். அதுவரை நான்கு நாள் பக்கத்துக் கொட்டகைத் தராசில் நிறுத்தார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது முடிந்த பிறகு, கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், எடைக்கற்களோடு மறுபடி போனேன். விடிகாலையில் 20 கிலோவை முக்கால் மணி நேரம் வைத்திருந்தேன்: 20.00. இறக்கினால் 0.00. மதியம் பன்னிரண்டரைக்கு அந்த வயதான படகுக்காரரே கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். 5.00, 10.00, 15.00, 20.00 என்று தானே சத்தமாகப் படித்தார். எட்டாவது கல்லுக்கு 39.99 காட்டியது. "பத்துக் கிராம் எங்க?" என்றார். லோட் செல்லின் வெப்ப நகர்வைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டிவிட்டுத் தன் கூடையை இழுத்து மேடையில் வைத்தார்.

முத்திரை போடுவதற்கு முன்னாலேயே மூடியின் உள்பக்கத்தில் பெயிண்டால் எழுதிவைத்திருந்தேன், எனக்குப் பிறகு திறப்பவருக்காக: சிவப்பு வயரை இந்தப் புள்ளிக்கு மட்டும் கொடுக்கவும். பச்சைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.